கழிக்காத பதினாறு கிலோ

மார்ச் 9, திங்கட்கிழமை, காலை 10.40. மொத்தம் நாற்பது வைக்கோல் கட்டுகள், அதில் இருபத்து மூன்றின் மேல் நீ.

அன்புள்ள பாப்பா,

நான் நலம். நீயும் நலம் என்று அம்மா போனில் சொன்னாள், இருமல் நின்றதா என்று மட்டும் சொல்லவில்லை, அதை நீ எழுது. சுற்றி வளைக்க எனக்கு வராது. ஜூனில் உங்களோடு இருக்க வந்துவிடுவேன் என்றது நடக்காது. நான் எழுதிய அறிக்கை தேறினால்தான் உங்கள் ஊரில் ஆலை, எனக்கு அங்கே வேலை. அறிக்கை தப்பு. வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுத்தால், வயலில் கட்டுவது முதல் வண்டியில் எரிவது வரை மொத்தம் எவ்வளவு கரியமில வாயு என்று கூட்டிப் பார்ப்பதுதானே என் வேலை. பெட்ரோலைவிட அறுபத்தொரு சதவீதம் குறைவு என்று எழுதியிருந்தேன். ஐம்பதாவது இருந்தால்தான் ஆலைக்கு அனுமதி. போன வாரம் எடைமேடைக்காரர் என் தாளில் கட்டின் எடையைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், உங்க வைக்கோல் மட்டும் இரும்பா?" என்றார். எரிச்சலோடு பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். ஐந்து வருடத்துக்கு முன் கட்டுகளை எடை போட்ட அன்று அம்மாவுக்கு வேலை, உன்னை நான்தான் வயலுக்குக் கூட்டிப் போனேன். மஞ்சள் தொப்பி, ஒரு காலில் மட்டும் செருப்பு. தராசில் வைத்த கட்டின் மேல் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றாய். அதட்டினேன். "நானும் வைக்கோல்தான்பா, என்னையும் எழுது" என்றாய். கட்டு இயந்திரக்காரர் சிரித்த சிரிப்பில் இயந்திரத்தையே நிறுத்திவிட்டார். உன் பதினாறு கிலோவைப் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று, நீ ஏறி உட்கார்ந்த இருபத்து மூன்று கட்டுகளின் வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். திரும்பும்போது என் தோளில் தூங்கிவிட்டாய், உன் தலையிலிருந்து வைக்கோல் தூசை அம்மா இரண்டு நாள் சீவி எடுத்தாள். கழிக்க மறந்தே போனேன். கட்டின் சராசரி இருபத்து மூன்று கிலோ இல்லை, பதினான்குதான். செலவான டீசல் அதேதான், வந்த வைக்கோல் குறைவு. மறுபடி கூட்டினால் நாற்பத்தெட்டு. புள்ளிகளை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது, ரப்பரும் மேசையில்தான் கிடந்தது. நேர்மை அது இது என்று பெரிய பேச்சு வேண்டாம். அந்தப் புள்ளிகளில் உனக்கு இன்னும் ஐந்து வயது, அதை அழிக்கக் கை வரவில்லை. உன் மேல் தப்பே இல்லை, கழிக்காதது நான். கோபம் இருந்தால் அதையும் எழுது. ஈரத் தலையோடு தூங்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு.

உன் அப்பா

இனி செய்யப்போவது:
1. பதினொரு மணிக்கு மேலாளரிடம் நோட்டைக் காட்டி அறிக்கையைத் திரும்ப வாங்குவேன்.
2. அடுத்த அறுவடையில் புதிதாக நாற்பது கட்டுகளை எடை போடுவேன்.
3. அது உன் விடுமுறையில் வருகிறது. நீ வருகிறாய், நோட்டில் எழுதுவது நீ.
4. நாற்பதும் முடிந்தபின் உன்னைத் தனியாக எடை போட்டு, தனி வரியில் எழுதுவேன்.