தாராவின் இரண்டு தாத்தாக்கள்

மார்ச் 3, 2025, திங்கள்

ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் பகுதி மருந்துக்கடையில் வேலை முடிந்து, மாசி பகுதியிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் மோட்டார்வேயில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. அப்போதுதான் போன் வந்தது. கோவில்பட்டியிலிருந்து அப்பா. என் கல்யாணத்துக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் தம்பி கோகுல் மூலம்தான் எல்லாச் சேதியும்.

"இருதயத்துல வால்வு மாத்தணுங்காரு டாக்டரு. அதுக்கு முன்னாடி பேத்தியப் பாக்கணும். கூட்டிட்டு வாம்மா."

என் கணவன் ஃபர்ஹானைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

மார்ச் 8, சனி

எனக்கு இந்தியா போகத் தடையில்லை. சிக்கல் மகள் தாராவுக்குத்தான். ஆறு வயது, பிறந்தது ஆக்லாந்து, பாஸ்போர்ட் நியூசிலாந்து. ஆனால் விசா விண்ணப்பத்தில் கேட்கிறார்கள்: அப்பா, தாத்தா, பாட்டி யாராவது பாகிஸ்தானியரா? ஃபர்ஹான் லாகூரில் பிறந்தவன். ஆம் என்று போட்டால் வேறு வரிசை. எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

பிரிவினை எனக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பக்கப் பாடம். மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தேன். அது பஞ்சாபிலும் வங்காளத்திலும் நடந்தது, கோவில்பட்டிக்கு என்ன? ஆனால் வந்ததே. எழுபத்தொன்று சண்டையில், தந்தியாக. சுந்தரம் பெரியப்பா ராணுவத்தில் இருந்தார், எல்லையில் செத்தார். "எங்கண்ணனக் கொன்னவங்க வீட்டுக்கா பொண்ணு குடுக்கணும்?" அப்பா அன்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஃபர்ஹான் அப்போது பிறக்கக்கூட இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சொல்லக்கூடாததைச் சொன்னேன். 'இல்லை' என்று போட்டுவிட்டால் என்ன, யார் தோண்டிப் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

"என் அப்பா எங்கே பிறந்தார் என்று எழுதுவாய்?"

"நியூசிலாந்து."

ஃபர்ஹான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "போன வருடம் அவரைப் புதைத்தபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய்" என்றான். பிறகு, "அவருடைய அப்பா பிறந்தது ஜலந்தரில். இந்தியாவில். அதைக் கேட்க அவர்களிடம் கேள்வி இருக்கிறதா?"

எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? அந்த மனுசன் தாராவ மடியில வச்சுக்கிட்டு மாம்பழம் சீவி ஊட்டினதெல்லாம் நான் பாக்காததா? என் அப்பனப் பாக்க அவ அப்பனோட அப்பன இல்லாம ஆக்கணுமா?

'ஆம்' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

பதில் இல்லை.

மே 8, வியாழன்

எல்லையில் குண்டு விழுகிறது. ஃபர்ஹான் படுக்கையறையில் லாகூரிலிருக்கும் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தான், அக்கா பிள்ளைகளை மாடிப்படிக்குக் கீழே படுக்க வைத்திருக்கிறாளாம். நான் சமையலறையில் கோகுலிடம். பின்னால் அப்பாவின் குரல்: "இப்பக் கேக்கச் சொல்லு அவ புருசங்கிட்ட, எந்தப் பக்கம்னு." நான் போனை வைத்துவிட்டேன்.

ஹாலில் தாரா டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஹூ ஈஸ் வின்னிங், அம்மா?"

இனி விசாவும் வராது, ஒன்றும் வராது. அப்பாவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். நான் இங்கே இருமல் மருந்து விற்றுக்கொண்டிருக்கிறேன். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யார் மேலாவது எரிந்து விழவேண்டும்போல் இருக்கிறது.

மே 21, புதன்

எரிந்து விழுந்தது நிருஜாமேல். கடையில் என்னோடு வேலை செய்கிற யாழ்ப்பாணத்துக்காரி. பிறகு மன்னிப்புக் கேட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அப்பாவைக் கொழும்புக்கு வரச் சொல்லுமன்" என்றாள். "மதுரையில ஏறினா ஒரு மணித்தியாலம். நீங்கள் மூண்டு பேரும் இஞ்சயிருந்து போங்கோ. உங்கட ரெண்டு நாடும் அடிபடட்டும், நீங்கள் எங்கட நாட்டில இருந்து கதையுங்கோவன்."

இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஜூன் 14, சனி

வாழ்நாளில் பாஸ்போர்ட் எடுக்காத என் அப்பா மாரிசாமி இப்போது எடுத்துவிட்டார். டாக்டரிடமும் சண்டை போட்டு, கோகுல் துணைக்கு வந்தால் கொழும்பு போகலாம் என்று சம்மதம் வாங்கியிருக்கிறார். ஃபர்ஹான் வருவதைச் சொன்னேன். "ம்" என்றார். ஒப்புதலா, மறுப்பா?

"நான் ஓட்டலிலேயே இருந்துகொள்கிறேன். அவர் பேத்தியைப் பார்க்கத்தான் வருகிறார்" என்கிறான் ஃபர்ஹான்.

ஜூலை 6, ஞாயிறு, கொழும்பு

அப்பா பாதியாகிவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை. தாரா "ஹாய் தாத்தா" என்றதும் அழுதார்.

நேற்று முழுவதும் ஃபர்ஹான் வரவில்லை. இன்று மதியம் வெள்ளவத்தையில் அப்பா தங்கியிருக்கும் வீட்டில் இலை போட்டதும், "அவரு எங்க?" என்றார் அப்பா. "வந்திருக்காருல்ல? பட்டினியாவா கிடக்காரு?" கோகுல் ஓடிப்போய்க் கூட்டிவந்தான்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்தே கேட்டார் அப்பா: "அவுக வீட்டுல யாராச்சும் செத்தாகளா, அந்தச் சண்டையில?"

ஆங்கிலத்தில் கேட்டேன். ஃபர்ஹான் யோசித்துச் சொன்னான். சண்டையில் யாரும் இல்லை. ஆனால் நாற்பத்தேழில் தாத்தா ஜலந்தரிலிருந்து கிளம்பும்போது கூட இரண்டு தங்கைகள் இருந்தார்கள். லாகூர் போய்ச் சேர்ந்தபோது இல்லை.

எட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எனக்கே இது தெரியாது. அப்படியே அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"சின்னப் பிள்ளைகளா?"

ஆமாம் என்றேன்.

அப்பா மீன் துண்டு ஒன்றை எடுத்து ஃபர்ஹான் இலையில் வைத்தார். "முள்ளு இருக்கும், பாத்துச் சாப்பிடச் சொல்லு."

ஆகஸ்ட் 2, சனி

வால்வு மாற்றியாயிற்று. கண் திறந்ததும் காபி கேட்டாராம்.

செப்டம்பர் 27, சனி

தாராவுக்கு விசா வந்துவிட்டது! இனி வராது என்று நான் விட்டே விட்டேன். உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"சரிம்மா. மாப்பிள்ளைக்கு?"

"அவருக்கு நாங்க கேக்கவே இல்லப்பா. கேட்டாலும் இப்பத் தரமாட்டாங்க. நானும் தாராவும் வாரோம்."

அப்பா குரலை உயர்த்தினார்.

"அவர ஒத்தைல விட்டுட்டா? அதெல்லாம் வேண்டாம். பொங்கலுக்கு நான் கொழும்புக்கே வாரேன். மூணு பேரும் வாங்க."

ஃபர்ஹான் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். என்ன சொன்னார் என்று திரும்பாமலே கேட்டான்.

"உன்னைத்தான் விசாரித்தார்" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டு, இன்னொரு தடவை சொல் என்றான்.