கத்தரிப் பாத்தியில் தேனீ

1964, மாசி 9.

கத்தரிப் பாத்தியருகே நின்றது மூவர்: நான், வீட்டுக்காரர், பனியன் கம்பெனி நடத்தும் கொழுந்தனார். மண்ணிலிருந்த துளைகளைக் கண்டதும் கொழுந்தனார், "குளவிங்ணா! சீமெண்ணெய ஊத்தீருங்க" என்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை, சலவை வேட்டி அழுக்காகிவிடுமாம்.

"தம்பி, குளவின்னா புழுவத் தூக்கிட்டு வருமுங்க. இதுக கால்ல பூந்தூளு ஒட்டியிருக்குது. மண்ணுக்குள்ள கூடு வெக்கிற தேனீங்க" என்றேன்.

"அண்ணி காலேஜுல படிச்சாப்ல பேசறாங்க!"

வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். இந்தத் தேனீக்கள் வந்த பிறகுதான் செடி காய்க்கிறது. அந்தக் காயைத் தின்கிறவர்களுக்கு அது தெரியவில்லை.

"முருகன் கோயில்ல வெள்ளைப் பூவும் செவப்புப் பூவும் பொட்டலங் கட்டி வெச்சு, ஒண்ண எடுத்துப் பூக் கேட்டுட்டு ஊத்தலாமுங்க. வெள்ளைப் பூ வந்தா ஊத்தக் கூடாது" என்றேன். இரண்டு பெரிய மனிதர்களும் உடனே அடங்கினார்கள். ஒரு மாதமாக நான் கண்ணால் பார்த்ததை நம்பாதவர்கள், சாமி முன்னால் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தால் நம்புவார்கள்.

முருகா, காலையில் வெள்ளைப் பூவையே கொடு. இவர்கள் மனம் மாறுவதற்குள், காக்க வைக்காமல் சீக்கிரம் கொடு.