மாப்பிள்ளைக்கு நீ அனுப்பிய இலைநிறச் சட்டை

அன்புள்ள ஆகாஷுக்கு,

திருத்தணியிலிருந்து நைனா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் நலமாக இருப்பாய் என்று மலைமேல் இருக்கிறவரை நம்பி எழுதுகிறேன். நலம் விசாரிப்பது இதோடு போதும். போனில் பேசினால் நான் வாயைத் திறப்பதற்குள் "டென்ஷன் ஆவாதீங்க நைனா" என்கிறாய், நானும் கத்திவிட்டு வைத்துவிடுகிறேன். எழுதினால் நீ முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

முந்தாநாள் அபியிடம் மாப்பிள்ளையைப் பற்றி, "பாவாவுக்கு அறிவு வேணாமா" என்று கேட்டாயாமே. ஆஸ்பத்திரியில் புருஷன் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்கவைத்திருக்கும்போது அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து நின்றாள் உன் தங்கை. அழவில்லை. "அண்ணன் இப்டி கேக்குது நைனா" என்று மட்டும் சொன்னாள். அப்போது பிடித்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அறிவைப் பற்றி நீ பேசலாமா? போன வருஷம் வேட்டை லைசன்ஸ் வாங்கினேன் என்று மான் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ அனுப்பினாய். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை, அது வேறு கதை. அந்த ஊர் சட்டம் விடுகிறது, நீ போகிறாய் என்று நான் பேசாமல் இருந்தேன். ஆனால் அதோடு நிறுத்தினாயா? வாராவாரம் வீடியோவில் மாப்பிள்ளை பரந்தாமனைக் கூப்பிட்டு எந்த பூட்ஸ் சத்தம் போடாது, எந்த பைனாகுலர் நல்லது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்று பாடம் எடுத்தாய். மாப்பிள்ளை ஏற்கெனவே நொந்துபோய் இருந்தார். திருவாலங்காட்டுப் பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கரும்பு. ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி ஆர்டர் வருவதற்குள் காட்டுப்பன்றி வந்து பாதியைக் கடித்துப் போட்டுவிடுகிறது. வனத்துறையில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் வந்து பார்க்கட்டும் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "நம்ம சாமியே வேடன் வேஷம் போட்டுகினு தான் மாமா வள்ளியப் பாக்கப் போனாரு" என்றார். அந்த நேரம் பார்த்துத்தான் உன் சிநேகிதன் விஷ்ணு லீவில் வந்தான், அவன் பெட்டியில் நீ கொடுத்தனுப்பிய பூட்ஸும் இலை இலையாகப் போட்ட அந்தச் சட்டையும் வந்தன. சோப்பு வாசம் பன்றிக்குத் தெரியும் என்று நீ சொன்னாயாம், அதனால் அபியை அதைத் தொடவே விடமாட்டார், தானே வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போடுவார். புதுத்துணி எடுத்த குழந்தை மாதிரி இருந்தார் மனுஷர்.

பொங்கல் கழிந்த வாரம் விடியற்காலையில் அவரும் பக்கத்து நிலத்து ஆறுமுகமும் போயிருக்கிறார்கள். ஆந்திரா பக்கத்தில் யாரிடமோ வாங்கிவந்த நாட்டுத் துப்பாக்கி ஆறுமுகத்தின் கையில். ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். பனி. கரும்புக்குள் ஏதோ சத்தம் கேட்டு, நீ சொல்லிக் கொடுத்தபடியே காற்றுக்கு எதிர்ப்பக்கம் போகலாம் என்று மாப்பிள்ளை குனிந்தபடி நகர்ந்திருக்கிறார். ஆறுமுகத்துக்குக் கரும்புத் தோகை ஆடியதுதான் தெரிந்தது, மனுஷன் தெரியவில்லை. சுட்டுவிட்டான். ரவை அத்தனையும் வலது தொடையில். தன் வேட்டியைக் கிழித்துக் கட்டி, தோளில் போட்டு ரோடுவரைக்கும் தூக்கிவந்தவனும் அவன்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு நேராக ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டானாம். இப்போது உள்ளே இருக்கிறான். அவன் பெண்டாட்டி கவிதா நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். விரட்டத்தான் எழுந்தாள் உன் அம்மா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாள். வேட்டைக்குப் போனதற்காக மாப்பிள்ளை மேலும் கேஸ் இருக்கிறது. காலை எடுக்கவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் நரம்பு போய்விட்டதாம், பாதம் தூக்க வராது என்கிறார். இனி வரப்பில் நடப்பது எப்படி?

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். நீ போட்டோவில் என்ன போட்டிருந்தாய்? கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை, அதே நிறத்தில் தொப்பி. ஏன்டா இப்படி என்று அன்றைக்கு நான் கேட்டதற்கு, மானுக்கு அந்த நிறம் தெரியாது நைனா, இன்னொரு வேட்டைக்காரன் நம்மைச் சுட்டுவிடக் கூடாதே, அதற்காகச் சட்டமே இருக்கிறது என்றாய். வகுப்பில் முதல் பாடம் அதுதான் என்றும் நீதானே சொன்னாய்? அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உன் உயிரைக் காப்பாற்றுகிற சட்டையை நீ போட்டுக்கொண்டு, ஆளை மறைக்கிற சட்டையை என் பெண்ணின் புருஷனுக்கு அனுப்பினாய். நீ பரீட்சை எழுதி, லைசன்ஸ் வாங்கி, துப்பாக்கியை எங்கே நீட்டக் கூடாது என்று படித்துவிட்டுக் காட்டுக்குள் போனாய். அவருக்குச் சொன்னதெல்லாம் பூட்ஸும் சோப்பும்தான். இங்கே அது ஜெயிலுக்குப் போகிற விஷயம் என்று ஒருநாளாவது சொன்னாயா?

இன்னொன்றும் கேட்டுக்கொள். ரத்தத்தோடு இருந்த அந்தச் சட்டையைப் போலீஸ் எடுத்துப் போனது. வெளிநாட்டுத் துணியாக இருக்கிறதே, எங்கே வாங்கினது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெட்ராஸ் பாரிஸ் கார்னர்ல பிளாட்பாரத்துல நானா வாங்கினதுங்க" என்றார் மாப்பிள்ளை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர்கள் போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆகாஷு பேரு வந்தா அவன் விசாவுக்கு எதுனா ஆயிடப் போவுது மாமா. அவன ஒண்ணும் கேக்காதீங்க, ஆசையா அனுப்பிச்சான்" என்றார். அவர் கேட்க மாட்டார். அதனால்தான் நான் கேட்கிறேன்.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். உனக்கு ஒரு குறையும் வராமல் தணிகைவேலன் காக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் அபிக்குப் போன் செய். பாவாவைப் பற்றிப் பேசாதே, நீ செய்ததைச் சொல். அவள் எடுக்க மாட்டாள். எடுக்கும்வரைக்கும் அடித்துக்கொண்டே இரு.

இப்படிக்கு,
உன் நைனா
துரைக்கண்ணு