வடிவின் கால்களுக்கு ஒரு கையெழுத்து

கள்ளிக்குப்பம்,
வெகுதானிய வருஷம் ஆவணி 12

சிரஞ்சீவி ஜெயராமனுக்கு ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுத முடிகிறது, ரங்கூனில் நீயும் அப்படியே இருக்கவேண்டும். மூன்று வருஷம் நான் வாய் மூடி இருந்தது போதும். கப்பல் டிக்கெட் வாங்கிய பிறகுதானே பெற்றவனுக்குச் சொன்னாய், அதை மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. ஆனால் இது உன் மகள் வடிவைப் பற்றியது.

வலிப்புக்குப் பட்டணத்து டாக்டர், வளைந்த கால்களுக்குப் பூந்தமல்லி அய்யாசாமி வைத்தியர் என்று உன் மனைவி அன்னம்மாள் ஐந்து வயசுப் பிள்ளையை இடுப்பில் சுமந்து அலைவது உனக்குத் தெரியும். பாலும் முட்டையும் கொடு என்றார் டாக்டர், இரண்டும் ஆகாது என்று பத்தியம் வைத்தார் வைத்தியர். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் மூச்சுவிடாமல் இருபது நாள் வெறும் கஞ்சித்தண்ணி கொடுத்திருக்கிறாள். பிள்ளையின் விலா எலும்பு தெரிந்த பிறகுதான் நான் கேட்டேன், கத்தினேன். "ரெண்டு பேருல யாரைக் கோவிச்சுக்க வெக்கிறது மாமா, ரெண்டு பேரும் வேணுமே" என்றாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேத்தியின் தட்டைப் பார்க்காதவன் நான்தானே.

வைத்தியரைத் திட்டுவதற்கென்றே போனேன். "டாக்டர் மருந்து ஓடிகினு கீதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா நைனா, சொல்லியிருந்தா இந்தப் பத்தியமே வெச்சிருக்க மாட்டேனே" என்றார். அங்கேயே ஒரு தாளில் அவர் மருந்து, டாக்டர் மருந்து, வேளை, சாப்பாடு எல்லாம் எழுதினேன். அதைக் கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டர் முகம் சுளித்தார், ஆனாலும் படித்துவிட்டுக் கீழே சரி என்று தன் கையால் எழுதிக் கொடுத்தார். இப்போது வடிவு போகுமிடமெல்லாம் அந்தத் தாளும் போகிறது. பால் குடிக்கிறாள், முகம் தெளிந்திருக்கிறது.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அதைப் படித்துத்தான் வலிப்பு இருப்பதையே அறிந்தார். இது தெரியாமல் மயக்கமருந்து கொடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். வலிப்பு டாக்டரைக் கலந்துகொண்டு ஐப்பசியில் ஆபரேஷன் செய்கிறாராம், பிள்ளை நிற்பாள் என்கிறார். ஆனால் தகப்பன் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம், பாட்டன் போதாதாம். சண்டை போட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை.

படிவம் இதற்குள் இருக்கிறது. அடுத்த கப்பல் தபாலிலேயே அனுப்பு. மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அன்னம்மாளுக்குத் தனியாக நாலு வரி எழுது, தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் அவளுக்கு ஏதாவது வேலை இருந்துவிடுகிறது. தீர்க்காயுசாக இரு.

உனக்கு எழுதும் காகிதத்தில் இனி என் பெயர் இராது என்று நீ கிளம்பிய அன்று பத்துப் பேர் முன்னால் சொன்னேன். அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன். வேண்டியது உன் கையெழுத்து.