பனிமலைப் படத்தின் கடைசிக் கால் மணி நேரம்

அக்கா,

இன்று காலை பிரிண்டிங்கிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்தால் உள்ளே குதிரை. சின்னக் குழந்தைகள் போடும் டி-ஷர்ட், ஆரஞ்சு நிறம், நெஞ்சில் ஒரு வெள்ளைக் குதிரை. பிரிண்ட் பேஸ்ட்டின் வாசம் மூக்கில் ஏற, முதல் பீஸை செக்கிங் டேபிளில் விரித்தேன். பார்த்ததுமே எரிச்சல் வந்துவிட்டது. முன்னங்கால் இரண்டையும் முன்னாலும் பின்னங்கால் இரண்டையும் பின்னாலும் நீட்டி, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. கண்ணுக்கு நீள நீளமாய் இமைமயிர் வேறு. வாயில் ஒரு சிரிப்பு.

ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "குதிரை இப்பிடி ஓடாதுங்க தம்பி" என்றேன். அவர் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பையர் அப்ரூவ் பண்ணிட்டாருங்க அக்கா. நீங்க கறை, ஓட்டை இருந்தா மட்டும் எடுங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நீங்கள் இருந்திருந்தால் அவரை அப்படிப் போகவிட்டிருக்க மாட்டீர்கள். "இது ஓடலீங்க, தடுக்கி உழுந்து கெடக்குது" என்று சொல்லி, உட்காரவைத்து நாலு படம் ஓட்டிக் காட்டியிருப்பீர்கள். எனக்கு அந்த வாய் கிடையாது. இந்த ஆர்டர் முடிகிறவரை அந்தச் சிரிப்பில்தான் தினமும் முழிக்க வேண்டும்.

ஆனால் என் கோபத்தில் பாதிதான் டி-ஷர்ட் மேல். மீதிப் பாதி உங்கள் மேல். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். திட்டுகிற மாதிரி நடந்துகொண்டு போனவர்களை என்ன செய்வது?

நம் பழக்கமே குதிரையால் வந்தது. நெருப்பெரிச்சல் ஊரில் இந்த பனியன் கம்பெனிக்கு நான் வந்த புதிதில், மதிய இடைவேளையில் எல்லோரும் சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, சாம்பிள் டெய்லரான நீங்கள் மட்டும் நூல் கோனில் ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எட்டிப் பார்த்தேன். ஒரு குதிரை மழையில் நின்றுகொண்டிருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன படமுங்க அக்கா?"

"குதிரைப் படமுங்க அம்மிணி. உக்காருங்க. இது இப்ப வேலி தாண்டும்."

உட்கார்ந்தேன். அது வேலி தாண்டியது. தயிர்ச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோக மறந்து நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, நீங்கள் படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் தாண்ட வைத்தீர்கள். அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரு கட்சி.

படங்களின் சொந்தப் பெயர் நமக்கு வாயில் நுழைந்ததில்லை. நாமே வைத்த பெயர்தான். மழைப் படம், லாடம் படம், கண் தெரியாத குதிரைப் படம், பனிமலைப் படம். பாராட்டியதைவிட நீங்கள் திட்டியதுதான் அதிகம். ஒரு குதிரைக்கு முதல் காட்சியில் நெற்றியில் வட்டமாக இருந்த வெள்ளை, அடுத்த காட்சியில் மூக்குவரை நீண்டிருந்தால், "ஆளை மாத்தீட்டானுங்க. ஷேடு வேரியேசன், இந்த லாட் ரிஜெக்ட்" என்பீர்கள். குதிரை சும்மா நிற்கும்போதெல்லாம் கனைப்புச் சத்தம் சேர்த்தால் உங்களுக்கு ஆகாது. கடைசியில் பேர் ஓடும்போது கடைசி எழுத்துவரை என்னை உட்காரவைத்து, குதிரையின் பெயர் வருகிறதா என்று தேடச் சொல்வீர்கள். ஒரு படத்திலும் வந்ததில்லை. "டீ கொண்டாந்தவன் பேரெல்லாம் போடறாங்க. படம் பூராவும் ஓடுனது இதுதானுங்களே" என்று டிபன் பாக்ஸை டமாரென்று மூடுவீர்கள்.

கட்டிங் மாஸ்டர் நம்மைக் கேலி செய்யாத நாள் கிடையாது. "குதிரைப் படத்துல என்னுங்க இருக்குது? ஓடும், நிக்கும், மறுக்கா ஓடும்" என்றார் ஒருநாள். நீங்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "உங்க ஹீரோவும் அதத்தானுங்க பண்றாரு. என்ன, இது பஞ்ச் பேசறதில்ல" என்றீர்கள். ஓவர்லாக் மிஷின் வரிசை முழுவதும் சிரித்தது.

அந்தியூர் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போனது நினைவிருக்கிறதா? அத்தனை படம் பார்த்த நாம் இரண்டு பேரும் நிஜக் குதிரையைப் பக்கத்தில் பார்த்ததில்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. முதல் குதிரை மூச்சு விட்டதற்கே நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டீர்கள். அப்புறம் தைரியம் வந்து, ஒரு வெள்ளைக் குதிரையிடம் போய் நின்றுகொண்டு, "சுழி சுத்தமுங்களா?" என்று வியாபாரியிடம் கேட்டீர்களே, அந்த ஆளும் நம்பிவிட்டார். சுழி காட்டினார், பல் காட்டினார், நடக்கவிட்டுக் காட்டினார். விலையைக் குறைக்கச் சொல்லி நீங்கள் ரொம்ப நேரம் மல்லுக்கு நின்றுவிட்டு, "ஊட்டுல கேட்டுட்டு வர்றேனுங்க" என்று நகர்ந்தீர்கள். ஊட்டில் மாமாவிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று பஸ்ஸில் பேசிப் பேசி வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்று உங்கள் கையில் ஒட்டியிருந்த குதிரை வாசத்தை, ஊர் வந்து சேரும்வரை நீங்கள் கழுவவில்லை.

எனக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. குதிரை செத்தால் எனக்கு ஆகாது. லாடம் படம் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். அதற்குப் பிறகு நீங்களே ஒரு ஏற்பாடு செய்தீர்கள். எந்தப் படமானாலும் முதலில் நீங்கள் வீட்டில் தனியாகப் பார்த்துவிட வேண்டியது. மறுநாள் மதியம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். நீங்கள் ஒரே ஒரு பதில் சொல்வீர்கள்.

"குதிரைக்கு ஒண்ணும் ஆவாதுங்க அம்மிணி. தைரியமாப் பாருங்க."

அந்த வார்த்தையை நம்பித்தான் பனிமலைப் படத்தையும் பார்த்தேன். வயதாகிவிட்ட செம்பழுப்புப் பெண்குதிரை ஒன்றை அறுப்புக்கு விற்கப் பார்க்கிறான் மகன். அப்பா அதை இழுத்துக்கொண்டு, அது பிறந்த புல்வெளிக்கே கொண்டுபோய் விட, பனிமலை ஏறுகிறார். தமிழ் டப்பிங்கில் அந்தக் கிழவர் மெட்ராஸ் பாஷை பேசுவார். படம் முழுவதும் குதிரையைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், "ஏய்" என்றுதான் அதட்டுவார். கடைசியில் ஒரு மேடு வரும். கீழே பச்சைப் பசேலென்று புல்வெளி தெரியும். குதிரை நின்று, திரும்பி, கிழவரைப் பார்க்கும். அந்த இடத்தில் உங்கள் கை நீண்டு ஃபோனை அணைக்கும். "அவ்வளவுதானுங்க. பெல் அடிச்சுரும், எந்திரிங்க."

வாரம் முழுக்க இடைவேளையில் துண்டு துண்டாய் ஓட்டி, எத்தனை சனிக்கிழமை அந்த மேட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஒருமுறைகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. எல்லாப் படத்துக்கும் பேர் ஓடி முடிகிறவரை உட்காரவைக்கிறவர், இந்தப் படத்துக்கு மட்டும் ஏன் அவசரப்படுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. நம்பிவிட்டால் நான் அப்படித்தான்.

அப்புறம் நீங்கள் லீவு போட ஆரம்பித்தீர்கள். வகுறு சரியில்லை என்றீர்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றீர்கள். கோயமுத்தூரில் மகள் ஊட்டுக்குப் போகிறேன் என்றீர்கள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் கை கழுவும் இடத்தில் மறித்துக்கொண்டு நேராகவே கேட்டேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்த்து, அதே குரலில் சொன்னீர்கள்.

"எனக்கொண்ணும் ஆவாதுங்க அம்மிணி."

நான் அதையும் நம்பினேன்.

செய்தி வந்தபோது ஒரு ஷிப்மெண்டுக்கு பீஸ் மடித்துக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி ஓடிவந்தால், உங்கள் வீட்டு வாசலில் சாமியானா கட்டியாகிவிட்டது. கட்டிங் மாஸ்டர் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அழுது முடித்திருந்தார். எனக்குத்தான் அது புதுச் செய்தி. மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது, சாம்பிள் ரூம் மொத்தத்துக்கும் தெரிந்திருக்கிறது, மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்திருக்கிறார். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அக்காதானுங்க வேண்டாம்னுட்டாங்க. குதிரை செத்தாலே அந்த அம்மிணி ரெண்டு நாள் சோறு திங்காது, இத எப்பிடித் தாங்கும்னாங்க."

அதோடு விட்டாரா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் அவருக்கு மழைப் படம் போட்டுக் காட்டினீர்களாம். வேலி தாண்டுகிற இடத்தை இரண்டு தடவை ஓட்டினீர்களாம். படம் நன்றாகத்தான் இருக்கிறது என்று என்னிடமே சொல்கிறார் அக்கா. ஓடும் நிற்கும் என்று கேலி பேசிய மனிதருக்குக் கடைசிப் படம் கிடைத்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்குச் சாமியானா கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லை. டிவியில் பனிமலைப் படத்தைப் போட்டேன். உங்கள் நினைவாக ஒருமுறை பார்க்கலாம் என்றுதான். மேடு வந்தது, புல்வெளி தெரிந்தது, குதிரை திரும்பிப் பார்த்தது. அணைக்க யாரும் இல்லாததால் படம் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் கால் மணி நேரம் மீதி இருந்தது அக்கா.

அது புல்வெளிக்கு இறங்கிப் போய் ஒரு வாய் புல் தின்கிறது. அப்புறம் முன்னங்கால்களை மடித்துப் படுத்துக்கொள்கிறது. கிழவருக்குப் புரிந்துவிடுகிறது. கோட்டைக் கழற்றி அதன் மேல் போர்த்திவிட்டு, தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். பின்னணி இசை இல்லை, கனைப்பு இல்லை. விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். படம் முழுக்க "ஏய்" என்றவர் அப்போதுதான் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அது காதை ஆட்டுகிறது. அவ்வளவுதான் முடிவு. பேர் ஓடும்போது முதல் பெயரே குதிரையுடையதுதான். நீங்கள் இத்தனை வருஷம் தேடியது கிடைத்த ஒரே படத்தில், அதை எனக்குக் காட்டாமல் மறைத்தீர்கள்.

அழுதேன். முதலில் குதிரைக்காக, அப்புறம் ஆத்திரத்தில். நான் இத்தனை நாள் பார்த்தது அந்தப் படமே இல்லை. மேட்டில் நிற்பதற்காகவா அவர் அவ்வளவு மலை ஏறினார்? அந்த மடிக்காகத்தானே ஏறினார். அதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை எனக்குத் தந்தீர்கள். உங்களையும் அப்படியேதான் தந்தீர்கள். எனக்கு எது தாங்கும், எது தாங்காது என்று முடிவு செய்ய உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? லாடம் படத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, சரி. மூன்றாம் நாள் சாப்பிட்டேனா இல்லையா? அதை ஏன் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை? அந்தக் கிழவருக்குக் கிடைத்த கால் மணி நேரம் எனக்கும் வேண்டியிருந்தது. நான் ஒன்றும் பேசியிருக்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இன்று மதியம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுனிதாவை உங்களுக்குத் தெரியும், ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் தைக்கிறவள். நீங்கள் போன பிறகு அவள்தான் சில நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து குதிரைப் படம் பார்க்கிறாள். டி-ஷர்ட் குதிரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அக்கா, இன்னிக்கு நல்ல குதிரை போடு" என்றாள். நூல் கோனை எடுத்து வைத்து, ஃபோனைச் சாய்த்து, பனிமலைப் படத்தை எடுத்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"இது குதிரை செத்துப் போகுமா அக்கா? செத்துப் போனா நான் பாக்க மாட்டேன்."

ஒண்ணும் ஆவாதுங்க அம்மிணி என்று நாக்குவரைக்கும் வந்துவிட்டது, உங்கள் குரலிலேயே. எவ்வளவு சுலபமாக வருகிறது அந்த வார்த்தை. சொல்லிவிட்டால் அவள் நிம்மதியாகச் சாப்பிடுவாள். நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்பது அந்த ஒரு நொடியில் எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

"சாகும் அம்மிணி" என்றேன். "கடேசில சாகும். நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். வேண்டாம்னா இப்பவே சொல்லு, வேற போடறேன்."

அவள் டிபன் பாக்ஸை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு ஸ்டூலை இழுத்து என்னை ஒட்டிப் போட்டுக்கொண்டு, "போடு" என்றாள்.

முன்பகுதியை எல்லாம் தள்ளிவிட்டு, மலை ஏறும் இடத்திலிருந்துதான் ஓட்டினேன், இடைவேளைக்குள் முடிய வேண்டுமே. மேடு வந்தது. கீழே புல்வெளி தெரிந்தது. குதிரை நின்று, திரும்பிப் பார்த்தது. அப்போது என் கை தானாகவே ஃபோனை நோக்கி நீண்டது அக்கா. அது உங்கள் கை. அதை இழுத்து என் மடியில் வைத்து, இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். படம் மேலே ஓடியது.