சம்பலுக்குப் போன கிழங்கு

இன்று ஊறுகாய் போட வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியதும், எண்பதுகளின் கடைசியில் நீரும் நானும் ஒரே மேசையில் வேலை செய்த லண்டன் ஆய்வுகூடம் நினைவுக்கு வந்துவிட்டது. வேர்நுனியை அமிலத்தில் ஊறவைத்துச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டின் கீழ் பெருவிரலால் நசுக்குவோமே, அங்கும் இதே நெடிதான். நசுக்குவதில் உமக்கிருந்த பக்குவம் எனக்கு ஒருநாளும் வரவில்லை.

உமது ஆராய்ச்சி முழுவதும் ஒரு சந்தேகத்தில் நின்றது. வெங்காயக் குடும்பத்தில் இரண்டு காட்டுச்செடிகள். பூ ஒரே மாதிரி இருந்ததால் ஒரே இனம் என்று யாரோ எப்போதோ வகைப்படுத்திவிட்டார்கள். நீர் மட்டும் அப்படி இல்லை என்றீர். குரோமோசோம்களை எண்ணினால் தெரிந்துவிடும். ஆனால் இரண்டாவது செடியில் உயிரோடு மிஞ்சியிருந்தது இன்னும் வேர்விடாத ஒரேயொரு கிழங்கு.

பனி கொட்டிய வாரத்தில் செடிகள் வளர்த்த கண்ணாடி வீட்டின் ஹீற்றர் பழுதாகிவிட, அந்தக் கிழங்கைக் கழுத்துச் சால்வையில் சுற்றி ரயிலில் தோர்ண்டன் ஹீத்திலிருந்த உமது வீட்டுக்குக் கொண்டுபோனீர். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் சூடாக ஓரிடத்தில் வைத்தீர். மறுநாள் காலை, ஷிப்ட் முடிந்து வந்த உமது கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுபவர், நீர் எழும்ப முன்னம் பாணோடு தின்னத் தேங்காய்ச் சம்பல் இடித்து வைத்திருந்தார்.

நீர் எனக்குப் போன் எடுத்து அழைத்ததும் அடுத்த தெருவிலிருந்து ஓடிவந்தேன். குப்பைவாளிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தீர். அண்ணை வாசலில் நின்று, "வெங்காயம் காணாதெண்டு அதையும் போட்டனான். ருசி நல்லாத்தான் இருக்கு," என்றார். நீர் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் வெட்டி எறிந்த கிழங்கின் அடித்துண்டு உமது உள்ளங்கையில் இருந்தது.

"வேர் வரும், இருந்து பாரும்," என்றீர் என்னிடம்.

தேநீர்க் கோப்பைத் தண்ணீரில் அது வேர்விட்டது. அதுவரை அண்ணையைக் குசினிக்குள் விடவே இல்லை. வேர்நுனியை நசுக்கி நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்தீர். பிறகு கதிரையை விட்டு எழும்பி, "நீரே எண்ணும், நான் எண்ணினதைச் சொல்லமாட்டன்," என்றீர். எண்ணினேன். நம்பாமல் திரும்பவும் எண்ணினேன். மற்றச் செடியைப்போலச் சரியாக இரண்டு மடங்கு. நீர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள்.

தொண்ணூறுகளில் அது தனி இனமாகப் புதுப் பெயரோடு அச்சில் வந்தபோது, அதைச் சாப்பிட்ட ஒரே மனிதன் தான்தான் என்று அண்ணை விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீரும் மறுக்கவில்லை.

நீர் கண்மூடிய பின்பும் உமது பழக்கம் என்னை விடவில்லை. போன கிழமை பூங்காவில் இரண்டு மஞ்சள் பூக்களைக் காட்டி, இரண்டும் ஒன்றுதானே என்று மகள் கேட்டாள். பூ ஒன்றுதான். இலையைப் பார்க்க வேண்டும். ஈரப் புல்லில் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டேன்.