நான் ஊற்றாத தண்ணீர்

அன்புள்ள என்னங்க அவர்களுக்கு,

நான் நலம். அணைக்கட்டு வேலையில் நீங்களும் நலமாக இருப்பதாக ஃபோனில் சொன்னீர்கள், சந்தோஷம். இதையெல்லாம் ஃபோனிலேயே கேட்டிருப்பேன். கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். எழுதினால் கடைசிவரை படித்துத்தானே ஆக வேண்டும்.

முதலில் உங்கள் செல்லப்பிள்ளை. வெட்டிப் போட்ட மரக்கிளையிலிருந்து எடுத்து வந்தீர்களே, அந்த ஆர்க்கிட் ஜன்னலோரம் சௌக்கியமாக இருக்கிறது. நீங்கள் சொன்னபடி ஒரு பிடி மண்கூடப் போடவில்லை, மரப்பட்டையும் கரித்துண்டும்தான். காலை வெயில் மட்டும் படுகிறது. வேர் வெள்ளியாக வெளுத்தால் தண்ணீர் ஊற்று, பச்சையாக இருந்தால் கிட்டேயே போகாதே என்றீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது.

மருந்துக்கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. தினமும் தாமதமாக வந்து அப்படியே விழுந்து தூங்கினேன். செடி ஞாபகமே இல்லை. ஒருநாள் திடுக்கிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் வேரெல்லாம் பச்சைப்பசேல். பட்டினி போட்ட பிள்ளை எப்படிக் கொழுகொழுவென்று இருக்கும்? அதன்பிறகு வேண்டுமென்றே ஊற்றாமல் விட்டேன். காலையில் வெளுத்துக் கிடந்த வேர் சாயங்காலம் பச்சை!

கீழ்வீட்டு அக்காவிடம் ஜாடையாகக் கேட்டேன். “மத்தியானம் குழாய் ஓடுற சத்தம் கேட்டுச்சும்மா, நீ லீவுன்னு நெனச்சேன்” என்றார். சாவி இரண்டுதான். ஒன்று என் கைப்பையில், இன்னொன்று உங்களிடம். அதை யாரிடம் கொடுத்தீர்கள், எதற்காகக் கொடுத்தீர்கள் என்று மனசு என்னென்னவோ நினைத்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தலையணையில் நீள முடி கிடக்கிறதா என்றுகூடத் தேடினேன். கிடந்தது. என்னுடையதுதான்.

பிறகு செடியை உற்றுப் பார்த்தேன். வந்த ஆள் நடுக்குருத்தில் தேங்கிய தண்ணீரைத் துணித் திரியால் ஒற்றி எடுத்திருக்கிறார்; ஈரத் திரி தொட்டியோரமே கிடந்தது. தேங்கினால் அழுகிவிடும் என்று கவலைப்படுகிற மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பூத்தண்டுக்குக் குச்சி ஊன்றி, என் தையல் பெட்டி நூலால் கட்டியிருக்கிறார். அதே அசட்டு முடிச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் என்ன சொன்னீர்கள்? “மொட்டு விட்டிருக்குல்ல, இனிமே தொட்டிய நகர்த்தாத, உதிர்ந்துடும்.” மொட்டு விட்டதை நான் உங்களிடம் சொல்லவே இல்லையே.

கிரேன் ஓட்டுபவரின் மனைவி கடைக்கு வந்திருந்தாள். அணை வேலை நின்றுபோய் எல்லோரையும் அனுப்பிவிட்டார்களாம். அவள் கணவர் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து உயிரை வாங்குகிறாராம். “உங்க வீட்டுக்காரர மட்டும் வெச்சிருக்காங்களே, கெட்டிக்காரர்தான்” என்றாள். நானும் பெருமையாகத் தலையாட்டி வைத்தேன். அவள் போனபிறகு ஒரே மாத்திரை அட்டையைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோபம் இருக்கிறது, ரொம்பவே இருக்கிறது. ராத்திரி எங்கே படுக்கிறீர்கள்? இதைவிட ஒன்று மனதை அறுக்கிறது. நீங்கள்தான் என்று புரிந்தபிறகு தினமும் சாப்பாடு மூடி வைத்துவிட்டுப் போனேன். தொடவில்லை. சமையலறையில் ஒரு டம்ளர்கூட இடம் மாறவில்லை. திருடன்கூட ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போவான்.

இந்தச் செடியை ஒட்டுண்ணி என்று நான் சொன்னதும் உங்களுக்கு எவ்வளவு ரோஷம் வந்தது! “சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கும், அவ்ளோதான். மரத்துகிட்டேருந்து எதையும் எடுத்துக்காது” என்றீர்கள். செடி அப்படியே இருக்கட்டும். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தொட்டியை நகர்த்தாமல் அந்தக் குச்சியில் செருகி வைக்கிறேன். முதல் மொட்டு இன்று விரிந்துவிடும் போலிருக்கிறது. என் சாவியும் பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள். நம் கதவுதான் இழுத்தாலே பூட்டிக்கொள்ளுமே. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுங்கள். சாயங்காலம் நீங்கள் திறந்தால்தான் நான் உள்ளே வர முடியும்.

இப்படிக்கு,
வாசலில் வந்து நிற்கப்போகிறவள்